ரப்பர் பால் குடித்த லாரி

1. எங்கள் பஸ் டிரைவர், கொதித்துக்கொண்டிருந்த எஞ்சினுக்குள் கண்மாய்த் தண்ணீரைக் குடத்தோடு கவிழ்த்தார். எஞ்சினின் பிளாக், அதாவது சிலிண்டர்கள் அமர்ந்திருக்கும் இரும்பு உடம்பு, மேலிருந்து கீழாக விரிசல் விட்டது.

2. தேவகோட்டை–காரைக்குடி ரூட்டில் பங்குனி பிறப்பதற்குள் பஸ் மறுபடி ஓட வேண்டும், இல்லையென்றால் லைசென்ஸ் போட்டிக்காரருக்குப் போகும் என்று ஆயிற்று. எங்கள் வீட்டில் எல்லார் சோறும் அந்த ஒரே பஸ்ஸிலிருந்துதான் வருகிறது.

3. இலங்கையில் சப்ரகமுவ மலைப்பக்கம், தெஹியோவிட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், அதே எஞ்சின் பூட்டிய பழைய லாரி விலைக்கு நிற்பதாக, அங்கே கடை வைத்திருக்கும் காசிம் நானா சொல்லியனுப்பினார்.

4. போக வேண்டிய அண்ணன், ஷெட்டில் நின்ற பழைய காரைக் கைப்பிடி போட்டுச் சுற்றினார். கார் திருப்பி உதைத்தது. மணிக்கட்டு முறிந்தது.

5. ஆகவே நான் போனேன். துணைக்கு வள்ளியம்மை அத்தை வந்தார்.

இந்த ஐந்தில் ஒன்றைக்கூட நான் தேர்ந்தெடுக்கவில்லை. என்னிடம் இருந்தவை சென்னையில் வாங்கிய பௌதிகப் பட்டம், தபால் வழியாகப் படித்து வாங்கிய மோட்டார் மெக்கானிக் சர்டிபிகேட், அப்பா விட்டுப்போன ஷெட்டில் சின்ன வயதிலிருந்து எண்ணெயில் ஊறிய கை. திட்டம் எளிமையானது. லாரியை வாங்குவது, எஞ்சினைக் கழற்றிப் பெட்டியில் போடுவது, கடல் தாண்டிக் கொண்டுவந்து எங்கள் பஸ்ஸில் பூட்டுவது. லாரியின் மற்ற பாகம் யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும்.

இலங்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் பச்சை பச்சை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்கள் மாசி மாதத்தில் ரப்பர் தோட்டத்தைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. பாதி மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றன. மீதி மரங்களில் துருப்பிடித்த தகரத்தின் நிறத்தில் கொழுந்து விட்டிருந்தது. கூடவே ஒரு புளிப்பு நாற்றம். உறைந்த ரப்பர் பாலின் நாற்றம் அது. முதல் நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டோம். பிறகு அதே நாற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அவிசாவளையில் ஏறிய பஸ்ஸைப் பற்றி, பஸ் முதலாளி வீட்டுப் பெண் என்ற முறையில் நான் இரக்கத்தோடு எழுத வேண்டும். முடியவில்லை. கூரை கித்தான் துணி. அதில் கிழிந்த இடமெல்லாம் ரப்பர் பாலைப் பூசிக் காயவைத்திருந்தார்கள். ஆறிய புண்ணின் பொருக்கு மாதிரி மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. மழை பிடித்ததும் ஒரு பொருக்கின் விளிம்பிலிருந்து அத்தையின் வகிட்டில் நேராகச் சொட்ட ஆரம்பித்தது. அத்தை முறையிட்டார். கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ சொன்னான். முன் சீட்டுக்காரர் திரும்பி, பால் பூசியிருப்பதால் ஒழுகாது என்கிறான் என்று எங்களுக்கு மொழிபெயர்த்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவர் தோளிலும் ஒரு சொட்டு விழுந்தது. அவர் அதைத் துடைத்துவிட்டு, ஒழுகாது என்று மறுபடியும் சொன்னார்.

இந்த ஊர் முழுக்க இந்த நம்பிக்கைதான். குடையில் ஓட்டை என்றால் ரப்பர் பால். சைக்கிள் டியூப், தகரக் கூரை, மண்ணெண்ணெய் டின், செருப்பின் அடி, எதற்கும் ரப்பர் பால். காசிம் நானாவின் கடையில் விரிசல் விட்ட தேத்தண்ணிக் கெண்டிக்குக்கூடப் பால் பூசியிருந்தது. அதிலிருந்துதான் எங்களுக்கு ஊற்றினார்கள். ஒரு பொருளை மாற்ற வேண்டும், அல்லது முறையாக ஒட்டுப்போட வேண்டும் என்ற எண்ணமே இங்கே யாருக்கும் வருவதில்லை. கைக்கெட்டும் மரத்தில் இலவசமாகப் பசை ஒழுகினால் மனிதனுக்கு இந்தக் கதிதான் வரும் என்று எழுதிவைத்துக்கொண்டேன்.

காசிம் நானா துணி, அரிசி, மண்ணெண்ணெய் எல்லாம் விற்கிற மனிதர். கடைக்கு மேல் இருந்த அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். பெரிய மனது, சின்ன ஜன்னல். லாரி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லா ஈக்கி, மகள். ஓடுறல்ல. அது மட்டுந்தான் கொற."

ஏன் ஓடவில்லை என்று கேட்டதற்கு, அது தோட்டத்து ஆட்களுக்குத்தான் தெரியும் என்றார். தான் பார்த்தபோது வெளியே பளபளவென்று இருந்ததாம். துணி வியாபாரி லாரி பார்த்தால் இப்படித்தான் பார்ப்பார்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் அத்தை வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. அத்தை விரதத்தில் இருந்தார். அந்த மாதம் முழுவதும் கவுச்சி கிடையாது. காலையில் பாண் என்று ஒரு ரொட்டியும், சிவக்க இடித்த தேங்காய்ச் சம்பலும் வரும். அத்தைக்குச் சம்பல் பிடித்துப்போனது. எங்கள் ஊர்த் தேங்காயில் இந்த ருசி வராது, மண்வாகு அப்படி என்று எனக்கு விளக்கினார். மூன்றாவது முறை கேட்டு வாங்கியபோது, அதில் இடித்துப் போடுவது கருவாடு என்று நானா வீட்டம்மா சொல்லிவிட்டார். அத்தை கையில் இருந்த துண்டைப் பார்த்தார். பிறகு வாயில் போட்டுக்கொண்டார்.

"கடல் தாண்டுனா வெரதம் கணக்குல வராதுத்தா," என்றார் என்னிடம்.

மறுநாள் தோட்டத்துக்குப் போனோம். நானா பிடித்துக் கொடுத்த வாடகைக் கார் பாதி மேட்டில் நின்றுவிட்டது. இறங்கித் தள்ளச் சொன்னார் டிரைவர். தள்ளுவதற்கு முன் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கும்படி நான் சொன்னேன். சிரித்தார். பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டு டின்னோடு கீழே இறங்கி நடந்தார். நாங்கள் மேலே நடந்தோம். அட்டைகளைத் தடுக்கக் காலில் சோப்புக் கட்டியைத் தேய்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அட்டைகளுக்குச் சோப்பு பிடித்திருந்தது.

தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர், அதாவது தலைமைக் குமாஸ்தா, இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கஞ்சி போட்ட கோட்டு, கஞ்சி போட்ட முகம். எங்கள் வீட்டிலிருந்து ஆண்பிள்ளை யாரும் வரவில்லையா என்று அத்தையைக் கேட்டார். அத்தை என்னைக் காட்டினார்.

"பிள்ளை, நீர் படிச்சனீர் எண்டு கேள்விப்பட்டன்," என்றார். "அது நல்லது. ஆனா இது எஞ்சின்."

நான் படித்ததும் எஞ்சினைப் பற்றித்தான் என்றேன். அவர் நம்பவில்லை, ஆனாலும் சாவியை எடுத்தார். ரப்பர் விலை விழுந்ததிலிருந்து தோட்டத்தில் செலவைக் குறைக்கிறார்களாம். ரப்பர் ஷீட்டு கொண்டுபோக இனி மாட்டுவண்டி போதும் என்பது துரையின் முடிவு. துரை கொழும்புக்குப் போயிருந்தார், டென்னிஸ் ஆட. வந்ததும் கையெழுத்து. விலை இதுதான் என்று கிளாக்கர் சொன்னார், குறைக்கச் சொன்னேன், தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் ஒப்பந்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

லாரி, ரப்பர் பாலை உறையவைத்து ஷீட்டாக்கும் ஸ்டோருக்குப் பக்கத்துக் கொட்டகையில் நின்றது. நானா சொன்னது சரி, பளபளவென்றுதான் இருந்தது. டிரைவர் சவரிமுத்து தேங்காய் எண்ணெயும் சாம்பலும் போட்டு மட்காட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஓடாத லாரியை ஏன் துடைக்கிறாய் என்று கேட்டேன். தன் வேலை லாரி வேலை என்று பெரட்டில், அதாவது காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் இடத்தில், இன்னும் பேர் எழுதுவதாகவும், அதனால் தினமும் வந்துவிடுவதாகவும் சொன்னான். முப்பதுக்கு மேல் வயது, ஒல்லி, காக்கிச் சட்டை. அந்தத் தோட்டத்தில் காக்கி போட்ட கூலியாள் அவன் ஒருவன்தான்.

முதலில் ரேடியேட்டரின் கீழ்க் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினேன். வெள்ளையாக இடியப்ப இழை ஒன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தது. இழுக்க இழுக்க நீண்டது. விட்டதும் உள்ளே ஓடிப்போயிற்று. ரப்பர் ஹோஸைக் கழற்றினேன். ஹோஸுக்குள் இன்னொரு ஹோஸ் இருந்தது, ஓட்டையில்லாமல், முழு ரப்பராக.

நான் சவரிமுத்துவைப் பார்த்தேன்.

"ஒழுகுச்சுங்க," என்றான். "மேட்டுல நின்னுச்சுன்னா தொரை என்னையத்தானங்க கேப்பாரு, ரேடியேட்டரயா கேப்பாரு? ஒரு போத்த பால் ஊத்துனேன். நின்னுருச்சு."

எது நின்றது என்று கேட்டேன்.

"மொதல்ல ஒழுகுறது நின்னுச்சுங்க. பொறவு லாரி நின்னுச்சு."

கெண்டிக்கும் குடைக்கும் செய்ததை எஞ்சினுக்கும் செய்திருக்கிறார்கள். சூட்டில் பால் திரிந்து, தண்ணீர் ஓட வேண்டிய வழியெல்லாம் உறைந்துவிட்டது. பூமியில் வேறெந்த ஊரிலும் ஒரு லாரி இப்படிச் செத்திருக்காது. ஒரு போத்தலோடு விட்டாயா என்று கேட்டேன். விடவில்லையாம். சூடு ஏறியபோது ஒழுக்கு பெரிதாகிவிட்டது என்று நினைத்து இன்னொரு போத்தலும் ஊற்றினானாம்.

இது அழுகையை அடக்க வேண்டிய நேரம் என்று அத்தை நினைத்துத் தோளில் கை வைத்தார். நான் மேல்மூடியைக் கழற்ற ஸ்பானர் கேட்டேன். எஞ்சினின் தலை என்று எங்கள் ஷெட்டில் சொல்லும் அந்த மேல்மூடியைத் தூக்கியதும் அதற்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் தகடு கருகிப்போயிருந்தது தெரிந்தது. சூட்டில் பிளாக் விரிசல் விட்டிருந்தால் நான் அடுத்த கப்பலில் ஊர் திரும்பிவிடலாம். விரிசல் விட்ட பிளாக் எங்களிடமே ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க வழி எளியது. மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, மேலே சுண்ணாம்புப் பொடி பூசிவிட்டுக் காத்திருக்க வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய், பொடியில் கோடாக ஊறிவரும்.

காத்திருந்தோம். அத்தை முருகனை வேண்டினார். சவரிமுத்துவும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். எனக்குத் துணையாக அவனும் வேண்டுகிறான் என்றுதான் அப்போது நினைத்தேன்.

கோடு வரவில்லை. பிளாக் நன்றாக இருந்தது.

ஆனால் நன்றாக இருக்கும் பிளாக்கும் ஓடிக் காட்ட வேண்டும். ஓடாத எஞ்சினைக் கடல் தாண்டிக் கொண்டுபோய், அங்கே வைத்துத்தான் உள்ளே வேறென்ன பழுது என்று தெரிந்துகொள்வது படிக்காதவர்கள் செய்கிற காரியம். துரை திரும்பிவர இன்னும் சில நாள் இருந்தது. அதற்குள் எஞ்சினைச் சுத்தம் செய்து, ஓடவைத்து, காதால் கேட்டுவிட்டு, பிறகு கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். எழுதிப் பார்த்தபோது இந்த வரிசை மிகவும் அழகாக இருந்தது.

பிளாக்கின் பக்கவாட்டில் வட்ட வட்டமாக அடைத்திருக்கும் தகரங்களைத் தட்டி எடுத்துவிட்டு, உள்ளே இருந்த ரப்பரைத் தோண்டினோம். பெட்ரோல் ஊற்றி ஊறவைத்தால் அது கரையாமல் ஊதிப் பெருத்தது. கடைசியில் வேலைக்கு உதவியது, மரத்தில் பால் வெட்டுகிற வளைந்த கத்தி. சவரிமுத்து தன் மனைவியிடமிருந்து இரவல் வாங்கிவந்தான். அவனுடைய ஆர்வத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டும். விடிந்ததும் வந்துவிடுவான். கை தோல் உரிய உரியத் தோண்டுவான். மத்தியானம் அவன் மனைவி கோதுமை ரொட்டியும் பச்சை மிளகாய்ச் சம்பலும் கொண்டுவந்து எங்களுக்கும் வைப்பாள். ரொட்டி கெட்டியாக இருந்தாலும், வேலை செய்த பசிக்கு நன்றாகவே இருந்தது. அத்தை அவளிடம் கூலி ஆட்களின் வரிசை வீடுகளான லயத்துக் கதையெல்லாம் கேட்டு வைத்துக்கொண்டார்.

பட்டம் வாங்கிய ஒரு பெண் எஞ்சினைத் திறந்து காட்டுவது அவனுக்கு அபூர்வமாக இருக்கிறது, கற்றுக்கொள்ள நினைக்கிறான் என்று எண்ணினேன். ஆகவே நானும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். அவன் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்றான். நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "மேட்டுல ஏறுங்களா?"

மேட்டுக்கே போகாத எஞ்சின் இது, எங்கள் ஊர் தட்டை என்றேன். அவன் மறுபடியும் தோண்ட ஆரம்பித்தான்.

ரேடியேட்டரைக் காப்பாற்ற முடியாது. அதற்குப் பதிலாக ஒரு மரப்பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் உயரமாக வைத்துக் கட்டி, ஹோஸால் எஞ்சினோடு இணைத்தேன். ஊரில் பூட்டுவதற்காக என் பெட்டியில் கொண்டுவந்த புதுச் சாமான்களைச் சோதனைக்காக இதில் போட்டேன்: கேஸ்கெட், ஆறு பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, இரண்டு ஹோஸ். கைப்பிடியைச் சவரிமுத்து சுற்றினான். இருமியது. மறுபடி இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது.

ஆறு சிலிண்டரும் ஒரே சீராக ஓடுவதைக் கேட்கும்போது எனக்கு உடம்பு கொஞ்சம் லேசாகும். அப்போதும் ஆயிற்று. ரூட் பிழைத்தது என்று நினைத்தேன். கையில் இருந்த கருப்பைக் கழுவுவதற்கு ஸ்டோருக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்காலுக்குப் போனேன். அத்தையும் வந்தார். சோப்பு போட்டு நகக்கண் வரை தேய்த்தேன். திரும்பி வந்தபோது கொட்டகை காலியாக இருந்தது.

சத்தம் மேலே, மலைப்பக்கம் கேட்டது. லாரி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

துரையின் பங்களா வரைக்கும் நடந்தே ஏறினோம். அட்டைகளை உதறக்கூட நிற்கவில்லை. பங்களா வாசலில், கார் நிற்கிற முகப்புக்கு நேர் எதிரே லாரி நின்றது. பீப்பாயிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. கொழும்பிலிருந்து அன்று காலைதான் திரும்பியிருந்த துரை, வராந்தாவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். கீழே கிளாக்கர். லாரிக்குப் பக்கத்தில் சவரிமுத்து, தலைத்துணியை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முகம் முழுக்கப் பல்லாக.

அவன் ஏன் அப்படித் தோண்டினான் என்று எனக்கு அப்போது விளங்கியது. பால் வெட்டும் கத்தியைவிட மழுங்கல் நான்.

துரை பேசிய இங்கிலீஷ் எனக்குப் புரிந்தது. இருந்தாலும் கிளாக்கர் அதைத் தமிழாக்கினார்.

"துரை கேக்கிறார், ஓடுற லாரியை ஏன் விக்கவேணும் எண்டு. உமக்கு மெத்தப் பெரிய உபகாரம் எண்டும் சொல்லுறார்."

உபகாரம் என்று நன்றி சொல்லும் பேச்சைத் துரை எடுக்கவே இல்லை. அது கிளாக்கரின் சொந்தச் சரக்கு.

விலை பேசியாயிற்றே என்று நான் துரையிடம் நேராக இங்கிலீஷில் சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டுக் கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர், தான் எதற்கும் தலையாட்டவில்லை, ஈயைத்தான் விரட்டியதாக ஏதோ சொன்னார். கையெழுத்து இல்லை. கையெழுத்துக்கு முன்னால் பழுது பார்த்துக் கொடுத்த புத்திசாலி நான்தான். செத்த லாரியாக இருந்தவரை அது என்னுடையதாக இருந்தது. உயிர் கொடுத்தேன், அவர்களுடையதாகிவிட்டது.

அத்தை அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். ஊருக்கு என்ன சொல்வது என்று புலம்ப ஆரம்பித்தார். நான் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடுவது எதனால் என்று மனதுக்குள் ஒவ்வொன்றாக எழுதினேன். பிறகு, லாரி உங்களுடையது, என் சாமான்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று துரையிடம் சொன்னேன். தாராளமாக எடுத்துக்கொள்ளும்படி சொன்னார். ஏதோ ஒரு பை, ஒரு குடை என்று நினைத்திருப்பார்.

தோட்டத்துச் சாமானில் கை வைத்தால் பொலிசுக்கு அறிவிப்பேன் என்றார் கிளாக்கர். பழைய கேஸ்கெட், பழைய பிளக்குகள், பழைய மூடி எல்லாம் கொட்டகையில் சாக்கில் இருக்கின்றன, எண்ணிக்கொள்ளுங்கள் என்றேன்.

ஸ்பானர் சவரிமுத்துவிடம் இருந்தது. கேட்டேன். அவன் கொடுக்கவில்லை. சிரிப்பு போயிருந்தது.

"இத எடுத்தீங்கன்னா நாளைக்கு நான் பால் வெட்டுக்குப் போகணும்ங்க," என்றான் மெதுவாக. "எனக்கு வெட்டு மறந்துபோச்சு. மரத்துல காயம் பட்டா அரப் பேருதான் போடுவாங்க, அர நாள் கூலி."

"இது இங்க ஓடுனா எங்க பஸ் அங்க நிக்கும். எங்க வீட்ல எல்லாரும் அதுலதான் சாப்பிடுறோம்."

"நாங்களும் சாப்பிடுறோம்ங்க."

 கையை நீட்டியபடியே நின்றேன். அவன் கிளாக்கரைப் பார்த்தான். கிளாக்கர் துரையைப் பார்த்தார். துரை, லாரியின் சக்கரம் ஏறி நசுங்கிய பூச்செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  சவரிமுத்து ஸ்பானரைத் திருப்பி, பிடி என் பக்கம் இருக்கும்படி நீட்டினான்.

முதலில் பிளக்குகளைக் கழற்றினேன். ஒவ்வொன்றாகத் துடைத்து வராந்தாவின் முதல் படியில் வரிசையாக வைத்தேன். அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. ஹோஸைக் கழற்றியதும் பீப்பாய்த் தண்ணீர் முழுவதும் வெள்ளைக் கூழாங்கல் பரப்பிய வாசலில் எண்ணெயோடு சேர்ந்து ஓடியது. துரையின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. கேஸ்கெட்டை எடுக்க எஞ்சினின் தலையை மறுபடி தூக்க வேண்டும். அது நேரம் பிடிக்கிற வேலை. நான் அவசரப்படவில்லை. தேநீர் வந்தது, துரை குடித்தார், நான் நட்டுகளைக் கழற்றினேன். கேஸ்கெட்டை எடுத்துப் படியில் வைத்தபோது லாரி, வாய் பிளந்துகொண்டு, துரையின் கார் வெளியே வர முடியாத இடத்தில் நின்றது.

இது எப்போது இங்கிருந்து போகும் என்று துரை கேட்டார். இனிமேல் போகாது என்றேன். இந்தச் சாமான்கள் கொழும்பில் கிடைக்குமா என்று கிளாக்கரைக் கேட்டார். இந்த மாடலுக்கு வருவதில்லை, வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும் என்று கிளாக்கர் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. லாரியை விற்கவே அதுவும் ஒரு காரணம். துரை படியில் இருந்த ஆறு பிளக்குகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். எஞ்சினும் கியர் பெட்டியும் எனக்கு. சட்டமும் சக்கரமும் தோட்டத்துக்கே; ஏர்க்கால் வைத்து மாடு கட்டப்போகிறார்களாம். நல்ல டயர் போட்ட மாட்டுவண்டி கேகாலை ஜில்லாவிலேயே இதுதான் முதலாவதாக இருக்கும் என்று துரைக்கு அதிலும் ஒரு பெருமை.

காசிம் நானா கேள்விப்பட்டுவிட்டு, மகள் தொரையவே கழட்டிப் போட்டுட்டா என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பெட்டிக்குப் பலகை விலை குறைத்துப் போட்டார். வைக்கோலுக்குப் பதிலாக, எஞ்சினைச் சுற்றி அடைக்க, மரத்திலேயே காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால் தரட்டுமா, ஆடாமல் பிடித்துக்கொள்ளும் என்று கேட்டார். வைக்கோலே போதும் என்றேன்.

பெட்டியை ஏற்றிக்கொண்டு போக, விடியற்காலையில் தோட்டத்துக்கு வந்தோம். பெரட்டில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். சவரிமுத்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, வாளியோடு, மனைவிக்குப் பின்னால் நின்றான். காக்கிச் சட்டை இல்லை. பேரைக் கூப்பிட்டதும் அந்தப் பால் வெட்டும் கத்தியைத் தூக்கிக் காட்டினான். பெட்டியை ஏற்றிக்கொண்டு எங்கள் வண்டி அருகில் போனபோது அத்தை, போயிட்டு வாரோம்ப்பா என்றார்.  அவன் முன்னால் வந்து பெட்டியின் மேல் கை வைத்தான்.

"மூணாவது சிலிண்டரு காலையில கொஞ்சம் மெதுவாத்தான் எந்திரிக்கும்ங்க," என்றான். "போட்டு அடிக்காதீங்க."

பங்குனி பிறப்பதற்கு முன்னால் எஞ்சினைப் பூட்டிவிட்டோம். பஸ் ஓடுகிறது, ரூட் எங்களிடம் இருக்கிறது. லாரியின் மிச்சத்தைத் தெஹியோவிட்டையில் இரண்டு மாடுகள் இழுக்கின்றன. சவரிமுத்து பால் வெட்டுகிறான்.